காதில் ஒரு தடவைதான் விழும்

அறிவியல், சுகாதாரம், சுற்றுச்சூழல் மூன்றையும் ஒரே ஆள் தலையில் கட்டுவது வானொலி நிலையங்களின் வழக்கம். அந்த மூன்றையும் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ரெக்கார்டரைக் கையாள்வதும் எடிட் செய்வதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்குப் பெரியவர் யாரும் தேவையில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன். எண் போட்டிருக்கிறேனே தவிர, வரிசையில் அர்த்தம் எதுவும் தேடாதீர்கள். முதலாவது மட்டும் விதிவிலக்கு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

1. நேயர் ஒரு தடவைதான் கேட்கிறார். கேட்கும்போது வேறு வேலையும் பார்க்கிறார். மாவாட்டுகிறார், டிராக்டர் ஓட்டுகிறார், வலையில் கிழிசல் பார்க்கிறார், டீக்கடையில் அரட்டைக்கு நடுவே அரைக் காதைக் கொடுக்கிறார். பத்திரிகை வாசகர் புரியாத வரியைத் திரும்பப் படித்துக்கொள்வார். நம் ஆளுக்கு அது முடியாது. ஆனாலும் காதில் விழுந்ததை நம்பி மருந்துக்கடைக்குப் போகிறார், விதை வாங்குகிறார், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். அரைக் காதில் கேட்பவர் முழுதாக நம்பி நடக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் ஸ்கிரிப்ட் தானாக மாறும்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. மறுப்பு வாக்கியத்தின் வாலில் வந்து உட்காருகிறது. "தடுப்பூசியால் குழந்தைக்கு மரணம் ஏற்படவில்லை" என்று வாசிக்கிறீர்கள். கடைசிச் சொல் வரும் நேரத்தில் குக்கர் விசிலடித்தால் காதில் மிஞ்சுவது "தடுப்பூசியால் குழந்தைக்கு மரணம்". பக்கத்து வீட்டுக்கு அந்தச் செய்திதான் போகும். அதனால் மறுப்பை நம்பி வாக்கியம் அமைக்காதீர்கள். "குழந்தையின் மரணத்துக்குக் காரணம் நிமோனியா" என்று உள்ளதைச் சொல்லி ஆரம்பியுங்கள். தடுப்பூசியைப் பற்றி அடுத்த வாக்கியத்தில் பேசிக்கொள்ளலாம்.

சொன்னது யார் என்பதையும் முன்னால் வையுங்கள். நீளமாக ஒரு கருத்தை வாசித்துவிட்டு "என்று ஆலை நிர்வாகம் தெரிவித்தது" என முடித்தால், அதுவரை அதை வானொலியின் சொந்தக் கருத்தாகவே நேயர் கேட்டுக்கொண்டிருப்பார்.

2. எண்களைக் கண்டு பயப்படாதீர்கள். ஆனால் அப்படியே வாசித்துவிடாதீர்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. இந்த எண்ணைக் கேட்டு அடையாற்றங்கரை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் கட்டிலை மாடிக்கு ஏற்றுவாரா? ஏற்ற மாட்டார். கனஅடியை லிட்டராக்குங்கள். ஒரு கனஅடி 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆக, வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். இதுவும் காற்றோடு போய்விடும். சென்னைவாசிக்குத் தண்ணீர் லாரி தெரியும். 12,000 லிட்டர் பிடிக்கும் பெரிய லாரி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 68 லாரித் தண்ணீர் ஆற்றில் விழுகிறது. இப்போது கட்டில் மாடிக்குப் போகும்.

மழையளவும் அப்படித்தான். அந்த முறை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. மழைமானியை நேரில் பார்க்காதவருக்கு சென்டிமீட்டர் என்றால் பள்ளிக்கூட ஸ்கேல்தான் நினைவுக்கு வரும். நம் ஊரில் நிலத்தை கிரவுண்டில் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அந்த ஒரு மனையில் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். இந்தக் கணக்குகளை ஓய்வாக இருக்கும் கோடைக்காலத்தில் போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த இரவில் கால்குலேட்டர் தேடினால் கை நடுங்கும், சைபர் ஒன்று கூடிவிடும்.

ஆனால் லாரிக் கணக்கோடு வேலை முடியவில்லை. அடையாற்றங்கரையில் குடியிருப்பவர் கேட்பது, அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தை எட்டும் என்று. அதிகாரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் மைக்கை அணைக்காதீர்கள். அவர் மழுப்பினால் மழுப்பினார் என்பதும் செய்திதான்.

சுகாதாரச் செய்தியில் வேறு வகை எண் வரும். "ஆபத்து இரண்டு மடங்காகிறது." எதிலிருந்து இரண்டு மடங்கு? பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்த நோய் இரண்டு பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான், பத்துப் பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான். முன்னதைக் கேட்டு ஒருவர் நல்ல மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, பின்னதைக் கேட்டு ஒருவர் சும்மா இருந்துவிடவும் கூடாது. அடிப்படை எண்ணைத் தராத செய்திக்குறிப்பு வந்தால் போன் போட்டுக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மடங்கை ஒலிபரப்பாதீர்கள்.

ஒரு வாக்கியத்தில் ஓர் எண். அதற்கு மேல் வேண்டாம்.

3. ஒன்றன் பின்னால் இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சுக்கு நாம் கயிறு எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் தயங்காமல் வர வேண்டும் என்பதற்காகவே செய்தியாளர்கள் முன்னிலையில் போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அந்த ஆண்டு அக்டோபரில். இடையில் ஆறு மாதம். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்ததும் அந்த ஆறு மாதத்துக்குள்தான்.

அப்படி ஒரு காலையில் நீங்கள் பணியில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "தொடர்பே கிடையாது" என்று விசாரணைக்கு முன்பே அடித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. "தடுப்பூசி போட்ட இரண்டு நாளில் மரணம்" என்று தலைப்பு வைத்தால் முடிச்சைப் போட்டவர் நீங்கள்தான். மருத்துவமனை அறிக்கையில் உள்ளதைச் சொல்லுங்கள். விசாரணை எப்படி நடக்கும், யார் நடத்துவார்கள் என்று சொல்லுங்கள். பிறகு பின்னணியைக் கொடுங்கள்: எந்தத் தடுப்பூசியும் இல்லாத காலத்திலும் தமிழ்நாட்டில் ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். பெருங்கூட்டத்துக்கு ஊசி போடும் நாட்களில் அந்த மரணங்களில் சில, ஊசி போட்டவர்களுக்கும் நேரும். எனவே பார்க்க வேண்டியது, ஊசி போட்டவர்களிடம் மரணம் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதை. இந்த மூன்று வாக்கியத்தை நிதானமாக வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

வதந்தி வேறு ரகம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு எதிராக ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஊசி போடும் முகாம் தமிழ்நாட்டில் நடந்தது. வாட்ஸ்அப்பில் கதைகள் பறந்தன. பெற்றோர் பலர் மறுக்கவே முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியை மறுக்கும் நிகழ்ச்சியில் பலரும் வதந்தியைத்தான் முதலில் முழங்குகிறார்கள், அதுவும் கவர்ச்சியான குரலில். நடுவில் ரேடியோவைத் திருப்பியவருக்கு அது மட்டும்தான் கிடைக்கும். உண்மையில் ஆரம்பித்து, வதந்தியை ஒரே வரியில் தொட்டுவிட்டு, மறுபடி உண்மைக்கு வந்து முடியுங்கள்.

4. "எதோடு ஒப்பிட்டீர்கள்?" ஆய்வாளர் யாரைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள். இந்தக் கேள்வியின் வலிமையைத் தெரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய கதையே போதும்.

அந்த நிறுவனம் 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியம். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். மாத்திரைகள் வந்துவிட்டதால் வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்று பார்க்க நினைத்தார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானட்டோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைவெட்டிக்கு நடுவே. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்த குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நல்ல காற்றும் பாலும் முட்டையும்தான் குணப்படுத்துகின்றன என்று அதுவரை அனுபவமுள்ள மருத்துவர்களே நம்பினார்கள். அவர்களும் கண்ணால் கண்டவர்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்கும்வரை மருந்து செய்ததையும் முட்டை செய்ததையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. "நான் குடித்தேன், எனக்குச் சரியாயிற்று" என்று யாராவது ஒரு கஷாயத்தைப் பற்றி மைக் முன்னால் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று? வைரஸ் காய்ச்சல்களில் பெரும்பாலானவை தாமாகவே விடுபவை.

கூடவே மூன்று குட்டிக் கேள்விகள்: எத்தனை பேரிடம் பார்த்தீர்கள், மனிதரிடமா எலியிடமா, பணம் யார் கொடுத்தது?

5. நேரலையில் மருத்துவரை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். தொலைபேசியில் வரும் நேயர் "எனக்கு இடது பக்கம் வலிக்குது டாக்டர்" என்றால், நல்ல மருத்துவர் நேரில் வரச் சொல்வார். நல்லவரல்லாதவர் தன் கிளினிக் முகவரியைச் சொல்வார். விளம்பரதாரர் நிகழ்ச்சி என்றால் அதை ஆரம்பத்திலும் முடிவிலும் தெளிவாக அறிவியுங்கள். விளம்பரப் பிரிவு முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மருத்துவரிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியது, நேயர் வீட்டில் செய்யக்கூடியதும் கவனிக்கக்கூடியதும். டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். உண்மையில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை வலிமாத்திரை கூடாது. இதைச் சொல்லாமல் வைரஸின் நான்கு வகைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிய நிகழ்ச்சிகளைக் கேட்டிருக்கிறேன். கொசுவைப் பற்றியும் "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி என்ன பயன்? ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியபடி காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். "தேய்த்து" என்ற சொல் இல்லாத டெங்கு நிகழ்ச்சியை நான் டெங்கு நிகழ்ச்சியாகவே சேர்ப்பதில்லை.

6. வானிலை எச்சரிக்கையை வாசிக்கும்போது, அதைக் கேட்பவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யோசியுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலை மிக வேகமாகச் சூழ்ந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது ஏறத்தாழ ஒரு நாளில் புயலாகிவிட்டது. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்பது கரையில் இருப்பவருக்கான வாக்கியம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். அவர்கள் எந்தத் திசையில் விலக வேண்டும், எந்தத் துறைமுகம் பக்கம் என்று அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் எட்டியிருக்காது. பண்பலை அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போவது, கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தேறாது. மத்திய அலை கடல்நீரின் மேல் நெடுந்தூரம் போகும். உங்கள் நிலையத்தின் அலை எதுவரை போகிறது என்று டிரான்ஸ்மிட்டர் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலிகளில் இது அனைவருக்கும் அத்துபடி.

கள்ளக்கடல் இன்னொரு ரகம். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் நீண்ட அலைகளை அனுப்பும். அவை சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றே இராது, கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கையின் தமிழைப் பாருங்கள்: "பேரலை எழும்பக்கூடும், கடல் சீற்றத்துடன் காணப்படும்." நேயர் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கிறார், சீற்றம் ஒன்றும் இல்லை, இறங்கிவிடுகிறார். "வெயிலடித்தாலும், காற்று இல்லாவிட்டாலும், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள்" என்று நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அறிக்கையில் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று தயங்கினால் இன்காய்ஸுக்குத் தொலைபேசியில் பேசி, அதிகாரியின் குரலிலேயே வாங்கிப் போடுங்கள்.

புயல் இரவில் ஒவ்வொரு அறிவிப்பிலும் இரண்டு நேரம் சொல்லுங்கள். இந்தத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது, அடுத்த தகவலை எத்தனை மணிக்குத் தருவோம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. பேட்டரி டிரான்சிஸ்டர் வைத்திருப்பவர் அடுத்த செய்தி எப்போது என்று தெரிந்தால் அதுவரை அணைத்து வைத்து பேட்டரியை மிச்சம் பிடிப்பார்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசியைக் கேட்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி சாதாரண நாட்களில் அலை உயரத்தையும் மற்றத் தகவல்களையும் சொல்லிவந்த ஒலிபெருக்கி. பழகிய குரல் என்பதால் கேள்வி கேட்காமல் ஓடினார்கள். நீங்கள் தினமும் காலையில் சலிப்போடு வாசிக்கும் கடல் நிலவரத்துக்கு இந்தப் பயனும் உண்டு.

7. பேட்டிக்குப் போனால் முதலில் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். கட்டுரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பிக்கிறவரிடம் காகிதத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நேற்று ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். செய்ததைச் சொல்லும்போது யாரும் நூல்நடையில் பேசுவதில்லை. முக்கியமான வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் தேறும்.

கிளம்புமுன் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். எடிட் மேசையில் அது கைகொடுக்கும். பதிவு செய்யாத சத்தத்தைச் சேர்க்காதீர்கள். இயற்கை என்று வந்துவிட்டால் கம்ப்யூட்டரில் இருக்கும் குயிலைக் கூவ விடுவது நம் தொழிலில் பெரிய வியாதி. ஆண்குயில் கோடையில்தான் ஓயாமல் கூவும். மார்கழி மாதத்து வேடந்தாங்கல் ஒலிச்சித்திரத்தில் குயில் கூவினால், பறவை பார்க்கும் நேயர் ஒருவர் சிரிப்பார். பிறகு நீங்கள் சொல்லும் பறவைக் கணக்கையும் நம்ப மாட்டார்.

8. சுற்றுச்சூழல் செய்தியில் "மீனவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நிர்வாகம் அப்படிச் சொல்கிறது" என்று இரண்டு குரலை ஒட்டிவிட்டு நகர்வது நடுநிலை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை அளக்காமல் இரண்டு பேரைப் பேசவிடுவது சோம்பல். தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா, எவ்வளவு, யார் மாதிரி எடுத்தார்கள், எந்த இடத்தில், என்றைக்கு? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு, இரண்டையும் படியுங்கள். அலுப்பான ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழாக்கிச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

அதே சமயம் எல்லா அச்சத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தபோது இரண்டு வகைக் கேள்விகள் எழுந்தன. நியூட்ரினோ கதிர்வீச்சாகப் பரவி ஊரை அழித்துவிடுமா என்பது ஒன்று. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் இப்போதும் கடந்துகொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. இதற்கு இதுதான் பதில், தயங்காமல் சொல்லலாம். மலையைக் குடையும்போது வெடிவைப்பது, தூசி, பாறைக்கழிவு, நிலத்தடி நீர், அருகிலுள்ள காடு, இவை இரண்டாவது வகை. இவை முழுக்க நியாயமான கேள்விகள். முதல் வகையைக் காட்டிக் கிராமத்தாரைக் கேலி செய்துவிட்டு இரண்டாவதுக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது சில படித்தவர்களின் உத்தி. இரண்டாவதைக் காட்டி முதலாவதையும் உண்மையாக்குவது சில மேடைப் பேச்சாளர்களின் உத்தி. இரண்டு கூட்டத்துக்கும் மைக் கொடுங்கள். கேள்வியை மட்டும் நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது கேமராக்கள் வரிசையாக நின்றன. நண்டும் இறாலும் திரும்பி வந்தனவா, அலையாத்திச் செடிகளின் தண்டில் ஒட்டியது போயிற்றா, பிடித்த மீனைச் சந்தையில் வாங்குகிறார்களா என்பதெல்லாம் பிறகு தெரிய வேண்டியவை. அப்போது அங்கே நிற்க ஒரு ரெக்கார்டரும் பஸ் காசும் போதும். தொலைக்காட்சியைவிட நாம் மலிவான ஆட்கள், அது நமக்குப் பலம்.

9. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஒரு நெல்லை ரேடியோ நெல் என்று அழைத்தார்கள். ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27. ஜப்பானிய நெல் ஒன்றையும் நம் ஊர் நெல் ஒன்றையும் கலந்து பெற்ற குறுகிய கால ரகம், குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகத்தான் அது விவசாயிகளிடம் பரவியது, பெயரும் ஒட்டிக்கொண்டது. புது ரகம் வந்திருக்கிறது என்று ஒரு நாள் அறிவித்திருந்தால் இது நடந்திருக்காது. நாற்று விடுவது, உரம் போடுவது, பூச்சியைக் கவனிப்பது என்று பருவத்தோடு சேர்ந்து நிகழ்ச்சியும் நகர வேண்டும். அறிவியல் நிகழ்ச்சியின் அட்டவணையைப் பஞ்சாங்கத்தையும் பயிரையும் பார்த்துப் போடுங்கள். கொசுவைப் பற்றி மழைக்கு முன்பு, வெப்பவாதத்தைப் பற்றி மார்ச்சில், பட்டாசுப் புகையைப் பற்றித் தீபாவளிக்கு முந்தைய வாரம். உலக நாட்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜூன் 5 அன்று மட்டும் சுற்றுச்சூழல் இருக்கும்.

10. தவறு ஒலிபரப்பாகிவிட்டால் அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், மறுநாள் திருத்துங்கள். காலை 6.45-க்குக் கேட்டவர் இரவு 9 மணிக்குக் கேட்பவர் இல்லை. திருத்தும்போது தவறைத் திரும்ப வாசிக்காமல் சரியானதை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.

11. ஸ்டுடியோ மேசையில் ஒரு அட்டையை ஒட்டி வையுங்கள்: ஆம்புலன்ஸ் 108, சுகாதார ஆலோசனை 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. உங்கள் நிகழ்ச்சி நன்றாக இருந்தால் நேயர்கள் நிலையத்தைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அரசு அலுவலகத்தைவிட நம் எண்தான் அவர்களுக்கு மனப்பாடம். போனை எடுப்பவர் வரவேற்பறைப் பையனாக இருந்தாலும் இந்த ஐந்தையும் தடுமாறாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில், 1077-க்கும் 104-க்கும் நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். மணி எத்தனை தடவை அடிக்கிறது, யார் எடுக்கிறார், என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரும் எடுக்காவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். ரெக்கார்டரையும் எடுத்துப் போங்கள், அக்டோபர் முதல் வாரத்துக்கான நிகழ்ச்சி அதுதான்.